வன்னியில் மின்சாரக் கார்: தவணை, மின்பட்டியல், பற்றரி

மின்சாரக் காரின் செலவு பற்றி இலங்கையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே கணக்கில் முடிந்துவிடுகிறது: ஒரு கிலோமீற்றர் ஓடப் பெற்றோலுக்கு எத்தனை ரூபா, மின்சாரத்துக்கு எத்தனை ரூபா. இந்தக் கணக்கில் மின்சாரமே எப்போதும் வெல்கிறது. வன்னியிலுள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அது வெல்லத்தான் செய்யும். ஆயினும் ஒரு குடும்பம் ஐந்து ஆண்டுகளில் காருக்காகக் கொடுக்கும் மொத்தப் பணத்தில் ஓட்டச் செலவு சிறிய பங்கே. பெரும்பங்கு லீசிங் தவணைக்குப் போகிறது. அதன் பின்னால் பற்றரியின் ஆயுள் நிற்கிறது. இந்த இரண்டையும் வன்னியின் தூரங்களோடு சேர்த்துப் பார்த்தால், மின்சாரக் கார் யாருக்குக் கட்டுபடியாகும் என்ற கேள்விக்கு வேறொரு விடை கிடைக்கிறது. அந்த விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் வேலை.

1. கார்கள் வந்த வழி

இலங்கையில் மின்சாரக் கார் என்றதும் நினைவுக்கு வருவது நிசான் லீஃப். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் இறக்குமதி வரி குறைவாக இருந்தபோது ஜப்பானில் பாவித்த லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. 2015 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அந்த வரியைப் பன்மடங்கு உயர்த்த, வரத்து சட்டென்று வற்றியது. 2020 இல் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. அந்தத் தடைக்கு நடுவில், 2022 இல், வங்கி வழியாகப் பணம் அனுப்பும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மட்டும் மின்சார வாகனம் இறக்க ஒரு சிறு வாசல் திறந்தது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில் நீங்கியது. இன்று சந்தையில் முன்நிற்பவை சீன நிறுவனமான பிவைடியின் புதிய கார்கள்.

இதனால் சந்தையில் இரண்டு தலைமுறைக் கார்கள் அக்கம்பக்கமாக நிற்கின்றன. ஒன்று பத்து வயதைத் தாண்டிய, 24 கிலோவாற் மணி பற்றரி கொண்ட லீஃப். மற்றது 60 கிலோவாற் மணி அளவில் பற்றரி கொண்ட புதிய கார். இடைப்பட்ட வயதுக் கார்கள் மிகக் குறைவு. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்த தடை விட்டுச்சென்ற பள்ளம் இது. பெற்றோல் கார் வாங்குபவருக்கும் இந்தப் பள்ளம் உண்டு. ஆனால் பத்து வயது எஞ்சினைத் திருத்தி ஓட்டலாம், பத்து வயதுப் பற்றரியின் கதை வேறு.

புதிய காரின் விலையில் வரிக்குப் பெரும் பங்கு இருக்கிறது. மின்சாரக் காருக்கான உற்பத்தி வரி மோட்டாரின் வலுவைக் கிலோவாற்றில் அளந்து, படிநிலையாக விதிக்கப்படுகிறது. அதன் மேல் சுங்க வரியும் பெறுமதி சேர் வரியும், விலையுயர்ந்த கார்களுக்குச் சொகுசு வரியும் ஏறுகின்றன. 2025 இல் சில பிவைடி கார்களின் மோட்டார் வலு 100 கிலோவாற்றா, 150 கிலோவாற்றா என்ற கேள்வியை எழுப்பிச் சுங்கத் திணைக்களம் அவற்றைத் தடுத்துவைத்தது. விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. வாங்குபவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இலங்கையில் மின்சாரக் காரின் விலை உற்பத்திச் செலவைவிட வரி அட்டவணையின் அசைவுக்கே அதிகம் கட்டுப்பட்டது. இன்று வாங்கும் கார் ஐந்து ஆண்டுகள் கழித்து என்ன விலை பெறும் என்பதையும் அதே அட்டவணைதான் தீர்மானிக்கும்.

2. தவணை

மின்சாரக் காரை லீசிங்கில் எடுப்பது இலாபம் என்று மேற்கு நாடுகளில் சொல்லப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே பரவலாக உள்ள ஒப்பந்தத்தில் கார் கடைசிவரை நிறுவனத்தின் சொத்து. பாவனையாளர் மூன்று நான்கு ஆண்டுகள் வாடகை கட்டி, காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். பற்றரி தேய்ந்தாலும், புதிய வகைக் கார் வந்து பழையதன் விலை விழுந்தாலும், இழப்பு நிறுவனத்தின் தலையில். ஐரோப்பாவில் ரெனோ நிறுவனம் பல ஆண்டுகள் சோயி காரை விற்று, அதன் பற்றரியை மட்டும் மாத வாடகைக்குக் கொடுத்தது; பற்றரியைப் பற்றிய அச்சத்தை வாங்குபவரிடமிருந்து எடுத்துவிடுவதே அந்த ஏற்பாட்டின் பயன்.

இலங்கையில் நடப்பது 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் வரும் ஏற்பாடு. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக நிறுவனத்தின் பெயர் இருக்கும். கார் பாவனையாளரின் முற்றத்தில் நிற்கும். கடைசித் தவணை கட்டியதும் கார் பாவனையாளருக்கு மாறும். நடைமுறையில் இது வாகனத்தைப் பிணையாக வைத்த கடன். பற்றரி தேய்ந்தாலும் சந்தை விழுந்தாலும் தவணை குறையாது. மேற்கில் லீசிங் எந்த இடரைக் கைமாற்றுகிறதோ, அதே இடரை இங்குள்ள லீசிங் பாவனையாளரிடமே விட்டுவிட்டு, மேலே வட்டியையும் சேர்க்கிறது. மேற்கத்தியக் கட்டுரைகளைப் படித்துவிட்டு உள்ளூர் ஒப்பந்தத்தில் ஒப்பமிடுபவர் இந்த வேறுபாட்டைத் தவறவிடக்கூடாது.

எடுகோள்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025 ஜூலையில் மத்திய வங்கி தனியார் கார்களுக்கான கடனை அவற்றின் பெறுமதியில் 60 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தியது. 83 இலட்சம் ரூபா பெறுமதியான கார் ஒன்றுக்கு இந்த வீதத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் கடன் கிடைக்கும்; 33 இலட்சம் கையிலிருந்து போட வேண்டும். 13 சதவீத ஆண்டு வட்டியில், ஐந்து ஆண்டுகளுக்கு, மாதத் தவணை சுமார் 113,800 ரூபா. வட்டியாக மட்டும் போகும் தொகை 18 இலட்சத்தைத் தாண்டும். லீசிங் எடுத்த கார் என்பதால் முழுக் காப்புறுதியும் கட்டாயம்.

பெற்றோல் காருக்கும் தவணை உண்டுதானே என்ற மறுப்பு நியாயமானது. ஆகவே ஒப்பிட வேண்டியது இரு கார்களுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தை. மாதம் 10,000 ரூபா மிச்சமானால், மேற்சொன்ன வட்டியிலும் காலத்திலும் அது தாங்கக்கூடிய மேலதிகக் கடன் 4.4 இலட்சம் ரூபா. அதற்கு மேல் விலை வித்தியாசம் இருந்தால், எரிபொருளில் மிச்சம் பிடித்து அதை ஐந்து ஆண்டுகளுக்குள் ஈடுகட்ட முடியாது.

வன்னிக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காலபோக நெல் தை முதல் பங்குனிக்குள் வீடு வருகிறது. சிறுபோகம், குளத்தில் தண்ணீர் இருந்தால், ஆடி ஆவணியில். தவணையோ மாதந்தோறும். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் காசில் முற்பணத்தைப் போட்டுவிட்டு மாதத் தவணைக்குத் திண்டாடும் நிலை இப்படித்தான் உருவாகிறது. ஆகவே லீசிங்கில் மின்சாரக் கார் எடுப்பது, நடைமுறையில், மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர், உத்தியோகத்தர், வைத்தியர், வங்கி ஊழியர் ஆகியோருக்கே பொருந்தும்.

3. மின்பட்டியல்

மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடும் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மீற்றரில் பதிவாகும் ஓர் அலகுக்கு ஆறு கிலோமீற்றர் என்று வைத்தால் 167 அலகு வேண்டும். வீட்டு மின்கட்டணம் படிநிலை கொண்டது: பாவனை கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும். 2025 ஜூன் திருத்தத்தின்படி 180 அலகுக்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகும் 61 ரூபா. மாதம் 90 அலகு பாவிக்கும் ஒரு சாதாரண வீடு காரைச் சேர்த்ததும் 257 அலகுக்குப் போய்விடுகிறது. வீட்டுப் பட்டியல் 1,700 ரூபாவிலிருந்து 11,300 ரூபாவை ஒட்டி ஏறும். கார் சேர்த்த சுமை 9,600 ரூபா அளவில். கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 9 ரூபா 60 சதம்.

பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்தால், லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடும் காருக்கு அதே தூரத்துக்கு 21,400 ரூபா போகும். மிச்சம் 12,000 ரூபா. அது தாங்கும் விலை வித்தியாசம் 5 இலட்சத்தைச் சற்றுத் தாண்டும். ஆனால் இலங்கையின் வீதிகளில் சாதாரணமாகக் காணப்படும் வாகன் ஆர் போன்ற சிறிய கார் லீற்றருக்கு 18 கிலோமீற்றர் கொடுத்தால் மிச்சம் 7,000 ரூபாவாகச் சுருங்கி, தாங்கும் வித்தியாசமும் 3 இலட்சத்துக்கு இறங்கிவிடும். விளம்பரங்கள் மின்சாரக் காரை ஒப்பிடுவது எப்போதும் எரிபொருளை அதிகம் குடிக்கும் காரோடுதான்.

நேரத்துக்கேற்ற கட்டணம் என்ற மாற்றுவழி 2015 முதல் இருக்கிறது. இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு; மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மிக விலை. காருக்கு மட்டும் இதை எடுக்க முடியாது. முழு வீடும் அதற்கு மாற வேண்டும். மின்விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் ஓடுவதும், பிள்ளைகள் படிப்பதும் அந்த விலையுயர்ந்த நான்கு மணி நேரத்தில்தான். அதிகம் ஓடி, இரவில் மட்டும் ஏற்றும் காருள்ள வீட்டுக்கு இது இலாபம்; மாலைப் பாவனை கனத்த கூட்டுக் குடும்பத்துக்கு அப்படியிருக்காது.

இந்த எண்கள் எவையும் நிலையானவையல்ல. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. பிறகு ஏறி இறங்கி, 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்து, ஜூனில் மீண்டும் 15 சதவீதம் ஏறியது. ஐந்தாண்டுத் தவணைக்கு ஒப்பமிடுபவர் தன் ஓட்டச் செலவை ஓராண்டுக்குக்கூடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

4. வீட்டு இணைப்பு

ஊர் வீடுகளுக்கான மின்னிணைப்பு பெரும்பாலும் ஒற்றைக் கட்டத்தில் 30 அம்பியர். அதன் உச்ச வலு 6.9 கிலோவாற். புதிய கார்களோடு விற்கப்படும் 7 கிலோவாற் சுவர் மின்னேற்றி 32 அம்பியர் இழுக்கும். அதாவது வேறெதுவும் ஓடாவிட்டாலும் இணைப்பின் எல்லையை அது தாண்டிவிடும். தண்ணீர் மோட்டாரும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். மூன்று கட்ட இணைப்புக்கு மாறுவதென்றால் தனிக் கட்டணமும், கம்பம் தூரமாக இருந்தால் கம்பிச் செலவும் வரும். வன்னியில் காணிகள் பெரியவை. வீதியோரக் கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம் கொழும்புப் புறநகரில் உள்ளதைவிட நீளம்.

15 அம்பியர் பிளக்கில் 3 கிலோவாற் அளவில் ஏற்றுவதே பலருக்குப் போதுமான, மலிவான வழி. ஓர் இரவின் எட்டு மணி நேரத்தில் 24 அலகு ஏறும். 140 கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்டச் சரி. இதற்குத் தேவை தனி வயர், தனி பிரேக்கர், நல்ல ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த். கடைசியாகச் சொன்னது சிறு விடயமாகத் தோன்றும். வரண்ட மண்ணில் எர்த் கம்பியின் தடை கூடும். மாரியில் சரியாக இருந்த எர்த் ஆவணியில் போதாமல் போகலாம். எர்த் போதாவிட்டால் காரின் மின்னேற்றி பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். வரண்ட காலத்தில் ஒரு மின்வினைஞரை அழைத்து அளந்து பார்ப்பதற்கு ஆகும் செலவு, இக்கட்டுரையில் வரும் எல்லாச் செலவுகளிலும் மிகச் சிறியது.

5. தூரமும் வெப்பமும்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏ9 வீதியால் சுமார் 75 கிலோமீற்றர். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 65. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு 49. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு 52. முல்லைத்தீவில் இருப்பவர் யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போக 110 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். கொழும்பில் ஒரு கிழமைக்கு ஓடும் தூரம் இங்கே ஒரு நாள் அலுவலுக்குப் போய்விடும்.

லீஃப் புதிதாக இருந்தபோது ஜப்பானியச் சோதனை 228 கிலோமீற்றர் என்றது. அதே 24 கிலோவாற் மணிப் பற்றரிக்கு 2014 மாதிரியில் அமெரிக்கச் சோதனை தந்தது 135 கிலோமீற்றர். ஓட்டுநருக்கு உண்மையாக வருவது இரண்டாவது எண்ணுக்கு அருகில். பற்றரி 70 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் எஞ்சுவது 95. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி போகலாம். ஏற்றாமல் திரும்ப முடியாது.

பற்றரி இறங்குவதற்கு வெப்பம் பெரிய காரணம். லீஃபின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டலோ விசிறியோ இல்லை. தானாகவே காற்றில் ஆற வேண்டும். அமெரிக்காவின் வெப்ப மாநிலமான அரிசோனாவில் 2012 இலேயே பாவனையாளர்கள் முறையிடத் தொடங்கினர். 2014 இல் நிசான் அங்கே பழைய பற்றரியைத் திருப்பிக் கொடுப்போருக்குப் புதியதை 5,499 டொலருக்கு விற்றது. ஜப்பானில் 2018 இல் ஃபுகுஷிமாவின் நமியே நகரில் பழைய பற்றரிகளைப் பிரித்துச் சீராக்கும் ஆலை திறந்து, சீராக்கிய 24 கிலோவாற் மணிப் பற்றரி 300,000 யென்னுக்குக் கிடைத்தது. இந்த வசதிகள் இலங்கைக்கு வந்த பாவித்த கார்களின் கூடவே வரவில்லை. இங்கு நடப்பது பற்றரியின் 48 தொகுதிகளில் பலவீனமானவற்றைக் கழற்றி, விபத்துக் கார்களிலிருந்து எடுத்தவற்றைப் பொருத்துவது. பழையதும் புதியதும் கலந்த பற்றரி மெலிந்த தொகுதியின் அளவுக்கே வேலை செய்யும். ஆகவே இது ஆயுளை நீட்டும் வைத்தியமே தவிர, மீண்டும் இளமை தருவதன்று. வன்னியில் இத்தகைய கராஜைத் தேடுவோர், ஓடும் நிலையில் இல்லாத காரை ஏற்றி இறக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய கார்கள் இந்த இடத்தில் தெளிவாக மேம்பட்டவை. பிவைடி அட்டோ 3 இன் 60.48 கிலோவாற் மணிப் பற்றரி இரும்பு பொஸ்பேற் வகை, குளிரூட்டலும் உண்டு, ஐரோப்பியச் சோதனையில் 420 கிலோமீற்றர். நடைமுறையில் 300 வந்தாலும் வன்னிக்குள் எங்கும் போய்த் திரும்பலாம். கொழும்புக்கு, கிளிநொச்சியிலிருந்து 330 கிலோமீற்றர், வழியில் ஒருமுறை ஏற்ற வேண்டும். அங்கே ஒரு சிறு பொறி: லீஃபின் வேக மின்னேற்றம் சாடெமோ என்ற ஜப்பானியப் பிளக், புதிய கார்களின் பிளக் வேறு. வழியில் இருக்கும் நிலையம் எந்தப் பிளக் வைத்திருக்கிறது என்று முன்கூட்டியே பார்க்காமல் ஏ9 இல் இறங்கக்கூடாது.

மற்றச் செலவுகளில் மின்சாரக் காருக்குச் சாதகமே அதிகம். எஞ்சின் ஒயில், ஒயில் பில்ட்டர், ஸ்பார்க் பிளக் எதுவும் இல்லை. பிரேக் தேய்வு குறைவு. புகைப் பரிசோதனை தேவையில்லை. கார் கனமானது என்பதால் டயர் மட்டும் சற்று விரைவில் தேயும்.

6. யாருக்குக் கட்டுபடியாகும்

மிச்சம் ஓடும் தூரத்தோடு வளர்கிறது. யாழ்ப்பாணத்தில் வசித்துக் கிளிநொச்சியில் வேலை செய்யும் உத்தியோகத்தர் தினமும் 130 கிலோமீற்றர் ஓடுகிறார். மாதம் 2,800 வரும். லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடும் காருக்கு இது 60,000 ரூபாப் பெற்றோல். மின்சாரத்தில் உச்சப் படியிலேயே கட்டினாலும் 28,000 ரூபா. மாதம் 32,000 மிச்சம்; தாங்கும் விலை வித்தியாசம் 14 இலட்சம். மின்சாரக் கார் தன் காலில் நிற்பது இங்கேதான். ஆனால் பழைய லீஃப் 130 கிலோமீற்றரை ஒரே மூச்சில் ஓடாது; அதை எளிதாக ஓடும் புதிய காருக்கு மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் தவணை. மலிவான கார் ஓடக்கூடிய தூரத்தில் மிச்சம் சிறிது. மிச்சம் பெரிதாகும் தூரத்துக்கு விலையுயர்ந்த கார் தேவை. தலைநகரை மனதில் வைத்துச் செய்யப்படும் கணக்குகளில் இந்த முரண் தெரிவதில்லை. அங்கே தினசரித் தூரம் எந்தக் காருக்கும் எட்டும்.

செலவில் சேராத ஒரு பெறுமதியையும் எடைபோட வேண்டும். 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது; பணம் இருந்தும் வரிசையில் நாட்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் மின்சாரக் கார் வைத்திருந்தோர் நகர்ந்துகொண்டிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதே ஆண்டு மார்ச் முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது என்பதும் உண்மை. தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் ஒரே தடைப் பட்டியலில் இருக்க, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்களுக்கு ஒரே எரிபொருளை நம்பியிருப்பதன் விலை தெரியும்.

அந்தத் தங்கியிருத்தலை ஓரளவு குறைக்கும் வழி கூரைச் சூரியப் படல். 2025 இல் புதிதாக இணைந்த 5 கிலோவாற் வரையான வீட்டுத் தொகுதிக்கு மின்சார சபை நிர்ணயித்தது அலகுக்கு 20 ரூபா 90 சதம். பாவித்தது போக மிஞ்சியதற்கு மட்டும் பணம் தரும் முறையில், உற்பத்தி மிஞ்சியிருக்கும்வரை காருக்குப் போகும் ஓர் அலகின் உண்மை விலை, விற்காமல் விட்ட அந்த 20 ரூபா 90 சதமே. கிலோமீற்றருக்கு மூன்றரை ரூபா. ஆனால் படலுக்கும் முதலீடு வேண்டும். அதையும் கடனில் எடுத்தால் ஒரு தவணைக்குப் பதில் இரண்டு.

இதைவிட மலிவான வழி வேலைத்தலத்தில் இருக்கிறது. கிளிநொச்சி மாவட்டச் செயலகத்திலோ அறிவியல் நகர் பல்கலைக்கழக வளாகத்திலோ காலை 8.30 முதல் மாலை 4.15 வரை நிறுத்திவைக்கும் காருக்கு 15 அம்பியர் பிளக் ஒன்று இருந்தால், 3 கிலோவாற் வீதம் 22, 23 அலகு ஏறும். அது 130 கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணத்திலிருந்து 65 கிலோமீற்றர் வந்து சேரக்கூடிய, 70 சதவீதப் பற்றரியுள்ள பழைய லீஃபும் அப்போது அந்தத் தினசரிப் பயணத்தைச் செய்யும்; முன்னே சொன்ன முரண் அங்கே அவிழ்கிறது. 2025 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்ததால் கூரைப் படல்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்க நேர்ந்தது. பகலில் ஏற்றும் கார்கள் வலையமைப்புக்கும் உதவியே. வேலைத்தலப் பிளக்குக்குத் தடையாக இருப்பது கம்பியின் விலையன்று. அலுவலகத்தின் மின்பட்டியல் பொதுப்பணத்தில் கட்டப்படுகிறது. தனியாரின் காருக்குப் போகும் அலகைப் பிரித்து அளக்கத் தனி மீற்றரும், அதற்கான பணத்தை உத்தியோகத்தரிடம் அறவிட ஓர் ஒழுங்கும் வேண்டும்.